ஆலங்குடாவில் ஏறிய மலை

திங்கட்கிழமை மலைநாட்டுப் பதுளையில் ஆசிரியையாகச் சேர வேண்டும். பாடசாலை செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறதாம். என் சின்ன மின்சார ஸ்கூட்டரோ வீட்டு வாசல் படலை மேட்டுக்கே மூச்சு வாங்கும். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இன்று ஸ்கூட்டர் திருத்தும் கராஜ் நானா பின்சில்லுக்குப் பெரிய பல்சக்கரம் மாட்டினார்.

"வேகம் குறையும் டீச்சர், ஆனா இழுவை கூடும்."

"மலை ஏறுமா எண்டு எப்பிடிப் பாக்கிற நானா? இங்க ஆலங்குடாவில மலையே இல்லையே."

"கடல்ல இருந்து அடிக்கிற சோளகக் காத்து இருக்குதானே! உம்மாவப் பின்னால ஏத்திக்கிட்டு, காத்துக்கு எதிரா ஓட்டிப் பாருங்க."

கடற்கரை வீதியில் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பின்னால் உம்மா ஓதிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டர் முனகியது, ஆனால் நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஏறிவிடும்!

திரும்பும்போது அதே காற்று முதுகில். கராஜ் வாசலில் பிரேக்கைப் பிடித்தேன்; ஸ்கூட்டர் நிற்கவில்லை. கையசைத்துக்கொண்டிருந்த நானாவைத் தாண்டிப்போய், கடற்கரை மணலில் புதைந்துதான் நின்றோம்.

உம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டார்: "ஏறினது சரி மகள். பள்ளிக்கூடம் விட்டா எறங்கணுமே?"

ஓடிவந்த நானா என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

பதுளை நட்புகளே, உங்கள் இறக்கத்தின் அடியில் மணல் இருக்கிறதா?