வாசிக்க, கேட்க, பார்க்க: நான் எழுதிய பட்டியல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மாடியறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோட்டையில் ஒரு கம்பனியில் கிளார்க் வேலை. வயது இருபத்திரண்டு. என்னோடு அந்த அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை, ஒரு கப்பல் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். அண்ணன் கல்யாணம் செய்து வீட்டில் இடம் போதாமல் போனதால் வெளியே அறை தேடி வந்தவள்.

எனக்கு அப்போது அரசியல் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெவ்லொக் டவுனில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் கூடுவோம். நாலு தமிழர், களனியிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு சிங்கள மாணவர். பாதி ஆங்கிலம், கொஞ்சம் சிங்களம், மிச்சம் தமிழ் என்று ஒரு மொழியில் கதைப்போம். யுத்தத்துக்கு இரண்டு பக்கமும் நிற்காமல், ஏழைகளின் பக்கம் நிற்கப் போகிறோம் என்பது எங்கள் கொள்கை. அந்த ஏழைகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்போம். அதற்கெல்லாம் முதல் நிறைய வாசிக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

எங்களைப்போல ஆர்வம் உள்ள இளம் பிள்ளைகள் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள், அவர்களுக்கு ஒரு பட்டியல் போடுவோம் என்று சொன்னவள் நான்தான். மூன்று பகுதி: வாசிக்க, கேட்க, பார்க்க. வாசிக்க, மொஸ்கோவில் அச்சிட்டு வந்த மலிவுப் பதிப்பு நாவல்கள், தோட்டத் தொழிலாளர் பற்றிய சிறுகதைகள், பொருளாதாரம் பற்றிய சின்னச் சின்னப் புத்தகங்கள். கேட்க, தென்னமெரிக்கப் பாட்டுகள் பதிந்த கசெட் இரண்டும் ஒரு சிங்கள நாடகத்தின் பாட்டுகளும். பார்க்க, ஒரு தூதரகத்தின் கலாசார நிலையத்தில் வெள்ளிக்கிழமைகளில் இலவசமாகக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு முதலில் நாவல் கொடுப்பதா, தத்துவம் கொடுப்பதா என்று இரண்டு ஞாயிறு சண்டை பிடித்தோம். நாவல் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். வென்றேன்.

பிறகு ஒருவருக்கு ஒரு யோசனை. நாங்களும் எழுதத் தொடங்கினால் சொந்தப் பெயரிலா எழுதுவது, புனைபெயர் வேண்டாமா என்றார். எங்களில் ஒருவரும் அதுவரை ஒரு துணுக்குக்கூட எழுதியதில்லை. ஆனாலும் அன்றைக்கே பெயர் வைத்துக்கொண்டோம். அவர் இடிமுழக்கம். களனி மாணவர் சூறாவளி. நான் செம்பறவை. மற்ற இருவரும் இதே தரம்தான். ஆயுத இயக்கங்களில் சேருகிற பெடியளுக்கு இப்படிப் பெயர் வைக்கிற காலம் அது, கொழும்பில் சோதனைச் சாவடி இல்லாத சந்தி இல்லை. இதெல்லாம் தெரிந்த ஐந்து பேர்தான் குந்தியிருந்து இந்தக் கூத்து ஆடினோம்.

பட்டியலை அழகாக எழுதுகிற பொறுப்பு என்னுடையது. புல்ஸ்காப் தாளில் கோடு போட்டு, கட்டாயம் வாசிக்க வேண்டியதற்கு சிவப்பு நட்சத்திரம் போட்டேன். எந்தப் புத்தகம் இப்போது யாரிடம் என்று பக்கத்தில் எழுதினேன், புனைபெயரில். "பார்க்க" என்ற பகுதியில், புதிதாகப் போகிறவர்கள் திண்டாடக் கூடாது என்று விளக்கமாகவே எழுதிவைத்தேன். வெள்ளி மாலை ஐந்தரை. முன் வாசலில் பெயர் பதியச் சொல்வார்கள், பக்க வாசலால் போகவும். இருவர் இருவராகப் போவது நல்லது. மூன்றுபேராகப் போனால் ஒன்றாக இருக்க இடம் கிடைக்காது என்பதால் எழுதியது அது.

அறைத்தோழி இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் புத்தகம் என்றால் கொட்டாவி. ரேடியோ இருந்தால் போதும், காதோடு வைத்துக்கொண்டு பழைய சினிமாப் பாட்டுக் கேட்பாள். நான் அவளுக்கு வர்க்கம், சுரண்டல் என்று வகுப்பெடுக்கத் தொடங்கினால், "முதல்ல அந்தத் தேத்தண்ணிக் கோப்பையக் கழுவடி, பிறகு புரட்சி செய்யலாம்" என்பாள். இவளெல்லாம் திருந்தாத ஜென்மம் என்று நான் நினைத்திருந்தேன். நண்பர்களிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

நகரத்தில் குண்டு வெடித்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிபோல எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அது எங்களுக்குப் புதிதில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு தயாராக நின்றோம். ஓர் அதிகாரி, ஒரு பெண் பொலிஸ், தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் என மூன்று பேர் மேலே வந்தார்கள். என் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அதிகாரி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பெண் பொலிஸ் கட்டிலைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள். மேசையில், அறைத்தோழியின் ரேடியோவுக்குக் கீழே, என் பட்டியல் இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது ஒரு வாசிப்புப் பட்டியல், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

கான்ஸ்டபிள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இடிமுழக்கம்... சூறாவளி... செம்பறவை..." நட்சத்திரங்களை எண்ணினார். பிறகு வெள்ளிக்கிழமை, ஐந்தரை, பக்க வாசல், இருவர் இருவராக என்று ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதியது என்ன என்று அப்போதுதான் எனக்கே கேட்டது. என் கையெழுத்தில், கோடு போட்டு, சிவப்பு மையில், ஐந்து பேரின் உயிருக்கு நானே உலை வைத்திருந்தேன்.

அதிகாரி தாளைத் தூக்கிப் பிடித்தார். "மேக காகேத?" என்றார். இது யாருடையது என்று கேட்கிறார். குரலை உயர்த்தவில்லை.

சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று எனக்குள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

"மகே, மஹத்தயா" என்றாள் அவள். என்னுடையது, ஐயா.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சரளமான கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில், இதெல்லாம் ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு போஸ்ட்கார்ட் போடுகிற நேயர்களின் பெயர், இப்படித்தான் எல்லோரும் பெயர் வைத்துக்கொள்வார்கள் என்று சிரித்த முகத்தோடு விளக்கினாள். கேட்பதற்கு உண்மைபோலத்தான் இருந்தது. அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டு, அவளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். என் அட்டையை மேசையில் எறிந்தார். படியிறங்கும்போது அவள் வீட்டுக்கார அன்ரியிடம், அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கோ என்றாள்.

அன்றைக்கு நான் செய்ததெல்லாம் மற்றவர்களை எச்சரிக்க ஓடியதுதான். இடிமுழக்கம் மதியத்துக்குள்ளேயே கண்டிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். களனி மாணவர் மட்டும் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டு, நான் போய் இது புத்தகப் பட்டியல் என்று சொல்லுகிறேன், சூறாவளி நான்தான் என்றும் சொல்லுகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்று ஒப்புக்குச் சொன்னேன். யாழ்ப்பாண அட்டையோடு நீங்கள் வந்தால் விஷயம் இன்னும் கெட்டுப்போகும், வேண்டாம் என்றார். அது சரியான பேச்சுத்தான். அதைக் கேட்டு எனக்குள் வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இதுவரைக்கும் எனக்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம். பயம், வயது, காலம் என்று நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இனிச் சொல்லப்போவதற்கு ஒரு சாக்கும் இல்லை.

அடுத்த நாள் அவளுடைய அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். மகளுக்கு மாற்றுடுப்பு எடுக்க வந்தவர். கட்டிலில் உட்கார்ந்து மகளின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தார். அழவில்லை. அந்தத் தாளைப் பற்றிப் பொலிஸில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "மகள் இந்த அரசியல் புத்தகமெல்லாம் வாசிக்கிறவளா, பிள்ளை? எனக்கு அவள் ஒரு நாளும் சொன்னதில்லையே" என்று கேட்டார்.

அறையில் பொலிஸ் இல்லை. அதிகாரி இல்லை. நானும் அந்தத் தாயும் மட்டும்தான்.

"ஓம் அன்ரி, கொஞ்சம் வாசிக்கிறவ" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, தாய் தகப்பன் படும்பாடு தெரியாத பிள்ளை என்று மகளைத்தான் நொந்துகொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி வேணுமா என்றுகூடக் கேட்டேன்.

ஆறாம் நாள் அவளை விட்டார்கள். களனி மாணவர் புத்தகங்களையும் கசெட்டுகளையும் கொண்டுபோய்க் காட்டி, தான் யார் என்று சொல்லி, சட்டத்தரணியும் மன்றாடிய பிறகுதான் விட்டார்கள். அவரையும் ஒரு நாள் முழுக்க வைத்து விசாரித்தார்களாம். அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

அவள் அறைக்கு வந்தபோது நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். தன் இடது பக்கம் நின்ற நான் கேட்டதை அவள் கவனிக்காதவள்போல நின்றாள். மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் முகத்தைத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள். இடிமுழக்கம் யார், செம்பறவை யார் என்று கேட்டுக் கேட்டு அறைந்திருக்கிறார்கள். இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. இடிமுழக்கத்தின் சொந்தப் பெயர் அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே பெயர் என்னுடையது.

"உன்ட அட்டையில யாழ்ப்பாணம் கிடக்கு. நீ போயிருந்தா உன்ன வெளியில விட்டிருக்க மாட்டானுகள். என்ன விடுவானுகள் எண்டு நினைச்சன்" என்றாள். பிறகு ரேடியோவைப் போட்டு வலது காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இடது பக்கம் மாற்றிப் பார்த்து, மறுபடியும் வலது பக்கமே வைத்தாள்.

என் பொய்யும் அவளுக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறார். "நானும் அப்படித்தான் அம்மாட்ட சொன்னன், விடு" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அவளுடைய அம்மா பல வருஷம் உயிரோடு இருந்தார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு என்னைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். கண்ட புத்தகத்தையும் வாசித்துக் காதைக் கெடுத்துக்கொண்டவள் என்று மகளை என் முன்னாலேயே ஏசுவார். அவள் சிரித்துக்கொண்டு கறி பரிமாறுவாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நத்தாருக்கும் நினைத்துக்கொண்டு போவேன். சொல்லாமலே வருவேன். போன வருஷம் அந்த அம்மா இறந்துபோனார்.

இன்றைக்கும் தெரிந்தவர்களின் பிள்ளைகள், அரசியல் விளங்க என்ன வாசிக்கலாம், என்ன படம் பார்க்கலாம் என்று என்னைத் தேடி வருவார்கள். சொல்லுகிறேன். அவை நல்ல புத்தகங்கள், நல்ல பாட்டுகள், அவற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவற்றில் இருந்ததையெல்லாம் பந்தி பந்தியாகச் சொல்லக்கூடியவள் நான். அவற்றில் ஒரு பக்கமும் புரட்டாதவள், இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் இப்போது கனடாவில். மாதம் ஒருமுறையாவது கதைப்போம். போனை எடுத்ததும் பழக்கத்தில் இடது காதில் வைத்துவிட்டு, "பொறு, மற்றக் காதுக்கு மாத்துறன்" என்பாள். அந்த ஒரு விநாடியில் நான் ஒவ்வொரு முறையும் அந்த அறையில், அவள் பக்கத்தில், வாய் திறக்காமல் நின்றுகொண்டிருக்கிறேன்.