மல்லாட்டைக்கு ஒரு விஞ்ஞானி தேவை

காலையில் விழுப்புரம் பக்கம் கெடாரிலிருந்து மச்சான் போன்.

"மாமா, மல்லாட்டைச் செடியெல்லாம் மஞ்சளாயிக்கினே போவுது. இப்படியே போனா ஒண்ணும் தேறாது. நீதான் எந்நேரமும் நெட்டுல கெடக்குறியே, ஜல்தியா ஒரு விஞ்ஞானியப் புடி."

ஆராய்ச்சியாளர்களைத் தேடித் தரும் வெப்சைட் ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து, மல்லாட்டை என்றால் நிலக்கடலைதானே என்று ஆங்கிலத்தில் தேடினேன். உலகின் நம்பர் ஒன் நிபுணர் எங்கோ பனி கொட்டும் ஊரில் இருக்கிறார். அவர் ஆராய்ச்சி முழுக்க வறுத்த கடலையைப் பற்றி. செடியை அவர் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

கடுப்பில் "மல்லாட்டை, விழுப்புரம்" என்று தமிழிலேயே அடித்தேன். சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு ஒரே ஒரு பெயரைக் காட்டியது. "இத்துறையில் செல்வாக்கு மிக்கவர்."

என் பெயர். போட்டோவோடு.

அவித்த மல்லாட்டை தின்று வயிறு பேஜாரான கதையை இங்கே எழுதினேனே, அதற்கு நீங்கள் போட்ட லைக் செய்த வேலை!

மச்சானிடம் சொல்லித் தொலைத்தேன். என்றைக்கும் இல்லாத மரியாதை வந்துவிட்டது.

"அப்ப சரிங்க சார். நீங்களே பஸ் புடிச்சி வாங்க. செடிங்க உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்குதுங்க."

திண்டிவனத்தில் பஸ் ஏறிவிட்டேன். இலை மஞ்சளானால் என்ன செய்வதென்று தெரிந்தவர்கள், நான் கெடாரில் இறங்குவதற்குள் கமெண்டில் சொல்லுங்கள். லைக் மட்டும் போடாதீர்கள், செல்வாக்கு இன்னும் ஏறிவிடும்.