மேல் துளை

மலையில் நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன், தண்ணீர் எப்படிப் பிரியும் என்று காட்ட என் மகன் எங்கள் கொல்லையில் ஒரு மாதிரி செய்தான். தண்ணீர் அலுவலகத்தில் அவனுக்கு வரைபட வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. மண்ணெண்ணெய் டின்தான் நீர்த்தேக்கம். அதன் பக்கத்தில் இரண்டு துளைகள்: ஒன்று பட்டணத்துக் குழாய்க்கு, இன்னொன்று ஆற்றுக்கு. ஆற்றில் துணி வெளுப்பவர்களுக்குப் பழைய உரிமை இருந்ததால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்களுடைய துளையை அவன் கீழே வைத்திருந்தான். நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் கடைசிவரை அவர்களுக்கு ஓடும்.

அலுவலகத்துக்குக் கொண்டுபோன மாதிரியைப் பார்க்க வந்தவர்களில் எங்கள் வீட்டுத் துணி எடுப்பவரும் இருந்தார். அவர்தான் வெள்ளைக்காரத் துரையிடம் பேசினாராம்.

“எங்களுக்குக் கீழயா தொரை? மேல் கல்லுக்காரனுக்குத்தானே நல்ல தண்ணி முதல்ல வரும். எங்களுக்கு மேல் துளைய குடுங்க.”

ஆற்றில் அது உண்மை. ஓட்டத்தில் மேலே இருக்கும் துவைகல்லுக்காகத் துறையில் அடிதடியே நடக்கும். டின்னில் அது தலைகீழ். துரை சிரித்துக்கொண்டே உடனே ஒப்புக்கொண்டார். மகன் வாயெடுத்தான், துரை அவனைத் திரும்பிப் பார்த்தார், அவன் அடங்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் இதைச் சொன்னபோது, “போய்ச் சொல்லிடேன்பா” என்றேன். “கைநாட்டு வெச்சிட்டாங்கம்மா” என்றான். நான் அதோடு விட்டிருக்கக் கூடாது.

நீர்த்தேக்கத்தை அப்படியே கட்டினார்கள். மழை இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. போன வறட்சியில் நீர்மட்டம் மேல் துளைக்குக் கீழே போனது. எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. ஆற்றில் வெறும் கல்.

துணி எடுக்க வந்தவர் வாசலில் நின்று, “பாலிக் புலாவ் பக்கம் ஆத்துக்குப் போய் அலசிட்டு வர்றோம்மா” என்றார். “மேல் துளை இருந்தே இந்தக் கதி லா. கீழ இருந்திருந்தா எப்பவோ ஊருக்குக் கப்பலேறியிருப்போம். தம்பிதான் நமக்காகப் பேசியிருக்கும்.”

உள்ளே இருந்த மகன் வெளியே வந்தான்.

“இல்லண்ணே. தண்ணி இறங்கினா மேல் துளைதான் முதல்ல நிக்கும். கீழ் துளைதான் உங்களுக்கு நல்லது.”

அவர் முதலில் சிரித்தார். பிறகு எங்கள் முற்றத்துக் குழாயடியில் நிறைந்துகொண்டிருந்த வாளியைப் பார்த்தார்.

“அன்னைக்கே தெரியுமா தம்பி?”

“தெரியும்ணே.”

கட்டிய மூட்டையை அவிழ்த்து எங்கள் துணிகளைப் பெஞ்சின் மேல் வைத்தார். “வேற ஆளப் பாத்துக்குங்கம்மா.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மகனுக்கு இப்போது வேலை நிரந்தரம். துளையை மாற்றச் சொல்லி மேலதிகாரிகளைக் கேட்டுப் பார்த்தான், ஒப்பந்தத்தைக் காட்டினார்களாம். அவன் வர நேரமானால் நான் தெருவில் இறங்கிச் சடக்கு முனைவரை நடந்துபோய் நிற்கிறேன். முந்தாநாள் துறைவரை தேடிப் போனேன். காய்ந்த கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“இங்க என்னப்பா பண்றே?”

“யாராவது வந்து ஏசுவாங்கன்னு பாக்கறேம்மா. ஒருத்தரும் வரல.”