எடுத்துக்கொடுத்த முதல் வார்த்தை

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு என் மகள் தினமும் என்னிடம்தான் பாடம் ஒப்பிப்பாள். ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூரில் உள்ள பள்ளிக்குப் போகும் பஸ்ஸில்கூட விடமாட்டேன். அவள் திணறினால் எனக்குப் பொறுக்காது. பதிலின் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுப்பேன். மீதியை மடமடவென்று சொல்லிவிடுவாள். எனக்கு ஏகப் பெருமை.

அறிவியல் பரீட்சை முடிந்து அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

“எல்லாம் தெரியும்ப்பா. ஆரம்பம்தான் வரல. நீங்க பக்கத்துல இல்லையே...”

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில், அடுத்த பரீட்சைக்கான கேள்வி ஒன்றைக் கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே காவிரியைப் பார்த்தேன்.

பாலம் முடிந்தும் அவளுக்கு ஆரம்பம் வரவில்லை. நானும் சொல்லவில்லை.