சுவாமி படத்தடியில் தீர்ந்த பூச்சண்டை

தாவரச் சங்கத் தோழிகளே, இன்றைய வெற்றியைச் சுடச்சுட இந்தப் பலகையில் ஒட்டுகிறேன்.

காலையில் நானும் சரோஜாவும் அடையாற்று முகத்துவாரத்தில் காட்டுப்பூ தேடினோம். மணலில் ஒரு மஞ்சள் பூ, ஈரக் கரையில் இன்னொன்று. இலை இருந்தால் இனத்தை எளிதில் கண்டுபிடித்திருக்கலாம்; அதை விட்டுப் பூவை மட்டும் கிள்ளி வந்தது எங்கள் மடத்தனம்.

"ரெண்டும் மஞ்சள் கரிசலாங்கண்ணிதான்டி" என்றாள் சரோஜா.

"கரையில பறிச்சதுதான் அது. மணல்ல பறிச்சது வேற ஜாதி" என்றேன். மயிலாப்பூர் வரை டிராமில் சண்டை ஓயவில்லை.

வீட்டில் பூக்களைச் செய்தித்தாளில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் இரண்டும் சுவாமி படத்தடியில்!

"அம்மா, அது காகிதத்துல அமுக்கிப் பாடம் பண்ண!"

"ஆத்துக்குப் பூ வந்தா சுவாமிக்குத்தானே? தரையில போட்டுட்டுப் போயிட்டியே!"

சாப்பிடும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எட்டிப் பார்த்தேன். மணல் பூ இறுகக் கூம்பியிருந்தது. கரைப் பூ காலையில் பார்த்தபடியே விரிந்து கிடந்தது. அம்மா தெளித்த ஒரே தண்ணீர், ஒரே படம், ஒரே ஜன்னல் வெயில். ஒரே ஜாதியாக இருந்தால் ஒன்று மட்டும் ஏன் மத்தியானத்தில் கடையைச் சாத்த வேண்டும்?

துள்ளிக் குதித்து, பாடம் பண்ண இரண்டையும் எடுக்கப் போனேன்.

அம்மா கையைத் தட்டிவிட்டாள். "சுவாமிக்கு வெச்ச பூவைக் காகிதத்துல அமுக்கறதாவது! தலையில வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டுதான் சங்கத்துக்கு வந்திருக்கிறேன்.

சரோஜா, மறுப்பு இருந்தால் கீழே எழுது. அதற்கு முன் என் பின்னலை ஒருமுறை ஆராய்ந்துவிடு.