உதறிவிட்டு மூட்டும் அடுப்பு

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது ஐந்து, ஐந்தையும் ஆளாக்கினேன். யாரிடமும் கையேந்தியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணினாலும் சொல்வது நேராக இருக்கும்.

புதன்கிழமை காலை ஆறே காலுக்குக் காரியாபட்டியில் பஸ் ஏறினேன். விருதுநகரில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. பிறகு சிவகாசி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. கண்டக்டர் தம்பி என் பையைக் காலால் தள்ளிப் பார்த்தான்.

"கனமா இருக்கே ஆத்தா, சிவகாசிக்கே வெடி கொண்டு போறீகளா?"

"உளுந்துதாம்லே. காலை எடு, இல்லன்னா நான் வெடிச்சிருவேன்."

பஸ்ஸே சிரித்தது.

ஒன்பது மணிக்கு ஆனைக்குட்டம் விலக்கில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். கடைசி மகள் செல்வியின் வீடு ஒரே அறை, தகரக் கூரை. அவள் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தாள். கேஸ் சிலிண்டரைத் தட்டினேன், காலி. விறகு மழையில் நனைந்து கிடந்தது. அடுப்பருகே ஒரு சாக்கு நிறையக் கழிவுத் தாள். பசியோடு வருவாளே, உளுந்தங்கஞ்சி வைப்போம் என்று தாளில் ஒரு கை அள்ளி அடுப்பில் போட்டுத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

புஸ்ஸென்று வெள்ளையாகச் சீறிக் கூரைவரை எழுந்தது. கை மயிர் பொசுங்கியது. சாக்கோ இரண்டு முழத் தூரத்தில். அதை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

ஒரு மணிக்குச் செல்வி வந்தாள். சாக்கைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"உதறாமப் போட்டீகளாக்கும்?"

"எதைடி உதற?"

"கம்பெனித் தாள்ல வெடிமருந்து ஒட்டியிருக்கும்லம்மா. நல்லா உதறிட்டுத்தான் அடுப்புல வைப்போம். இந்தத் தெருவே அப்படித்தான்."

"தெனமுமா?"

"சிலிண்டருக்கு எங்கன போக? கருவேல விறகெல்லாம் கரி சுடுற மூட்டத்துக்குப் போயிருதே."

சொல்லிக்கொண்டே தாளை வாசற்படியில் தட்டினாள். படியெல்லாம் வெள்ளிப்பொடி மின்னியது. அடுப்பு அமைதியாக எரிந்தது. நான் உள்ளே போகவில்லை.

சிலிண்டருக்குப் பணம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையேந்தாதன்னு வளத்தது நீங்கதான?"

என்னோடு வந்துவிடு என்றேன். தீபாவளி சீசன் முடியட்டும் என்றாள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: தினமும் ராச்சாப்பாடு சமைத்து அடுப்பை அணைத்ததும் எனக்கொரு போன்.

இங்கே வீட்டில் திருகினால் எரிகிற அடுப்பு. அதற்கே இப்போது ஓரடி தள்ளி நிற்கிறேன். எட்டு நாளாக ஏழு மணிக்குள் போன் வந்துவிடும். இன்று இப்போதே மணி ஏழே கால்.

பேத்தி மலரு, நான் எழுதினதை முதலிலிருந்து வாசி தாயி. சத்தமாக வேண்டாம், போன் அடித்தால் கேட்கணும்.