சனிக்கிழமை இறைச்சி உத்தியோகம்

ஒரு குளிர்காலத்தில் தொடங்கி அடுத்த இலையுதிர்காலம்வரை சனிக்கிழமைகளில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. இன்னொருவனுக்காக இறைச்சி தின்பது. சம்பளம் கிடையாது. சீருடை உண்டு: புகை மணம் போகாத ஒரு ஜாக்கெட். அதை வீட்டுக்குள் கொண்டுவர மனைவி அனுமதிக்கவில்லை. மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் எங்கள் வீட்டுக் கராஜில், பனி தள்ளும் சாமான்களோடு அது தொங்கிக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமை மரக்கறி, சனிக்கிழமை பண்டி இறைச்சி. உங்கட வயித்துக்கே நீங்கள் எந்தப் பக்கமெண்டு விளங்கியிராது,” என்பாள்.

விளங்கியிருக்காதுதான். ஐம்பதைத் தாண்டிய வயிற்றுக்கு இப்படியான குழப்பங்களைத் தாங்கும் சக்தி குறைவு.

அந்த இன்னொருவன் என் நண்பன். யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். பிறகு அவன் ட்ரக் ஓட்டி உலகத்தைப் பார்க்கப் போனான். நான் உலகத்தைப் பற்றி வாசிக்கப் போனேன். யாருக்கு முதுகுவலி அதிகம் என்பது இன்னும் தீராத வழக்கு. மொன்றியலில் சாமான் ஏற்றி, அமெரிக்காவின் தெற்கே டென்னசிவரை கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புவது அவன் தொழில். அதைப் பல வருடங்கள் செய்தான். பிறகு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், கண்ணுக்குப் போனது. ட்ரக் லைசென்ஸ் முதலில் போக, கார் லைசென்ஸும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

ஒருநாள் அவன் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணை, குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்த இடத்திலயே இருக்கிறார். தாடி சேவ் எடுக்கிறேல்லை. கதைக்கிறேல்லை. பிள்ளையள் பிரெஞ்சில ஏதும் பகிடி விட்டால் சுவரைப் பாக்கிறார். எனக்குப் பயமா இருக்கண்ணை. இப்பிடியே இருந்து போயிடுவாரோ எண்டு.”

“ஒண்டுமே கதைக்கிறேல்லையோ?”

“போன கிழமை ஒண்டு சொன்னவர். நான் இறைச்சிக் கறி வைச்சனான். அதைப் பாத்திட்டு, ‘டென்னசியில ஒரு இறைச்சி இருக்கு, அது இஞ்ச கிடையாது’ எண்டார். அவ்வளவுதான்.”

ஒரு மனிதன் ஒரு கிழமைக்கு ஒரே ஒரு வசனம் பேசினால், அந்த வசனத்தை விட்டுவிட முடியாது. நான் வாசிக்கத் தொடங்கினேன். என் வியாதி அது. மற்றவர்கள் கையைக் காலை அசைக்கும் இடத்தில் நான் புத்தகத்தைத் திறப்பேன். தெற்கத்திப் பார்பெக்யூ என்பது நெருப்பில் வாட்டுவது அல்ல, பன்றியின் தோள்பகுதியைக் குறைந்த சூட்டில், விறகுப் புகையில், நாள் முழுக்க வைத்திருந்து நாராகப் பிரிய விடுவது என்று படித்தேன். எந்த விறகுக்கு எந்த மணம் என்று படித்தேன். மொன்றியலில் இருக்கும் கடைகளைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வில்லரேப் பகுதியில் அவன் வீட்டுக் குசினியில் போய் நின்றேன்.

“எழும்படாப்பா, வெளிக்கிடு.”

“எங்க?”

“இறைச்சி சாப்பிட.”

“இஞ்ச எங்கயடா இறைச்சி?”

“அதைத்தான் பாக்கப் போறம்.”

அவன் கதிரையைப் பின்னால் தள்ளினான். பிறகு எழும்பிப் போய்ச் சேவ் எடுத்தான். அவன் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வாசலில் மட்டும் என் காதோடு சொன்னாள்: “ரண்டு வாய்க்கு மேல குடுத்துப் போடாதேங்கோ அண்ணை. அந்தச் சோஸ் முழுக்கச் சீனியாம்.”

இப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. அவன் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளுவான். நான் மிச்சத்தை முடிப்பேன். தட்டில் மிச்சம் விட்டால் அடி விழும் என்று வளர்க்கப்பட்டவன் நான். அடிப்பதற்கு இப்போது யாரும் இல்லை என்பதை என் கை இன்னும் நம்பவில்லை.

காரில் அவனைக் கூட்டிப் போவது தனி வேதனை. மற்றவன் ஓட்டும் வண்டியில் இருப்பது அவனுக்குப் பல்லுப் பிடுங்குவதுபோல. கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும்.

“லேன் மாறடா. ஐயோ, இப்ப மாறாத. உனக்கு ஆர் லைசென்ஸ் தந்தவன்? என்ரையைப் பறிச்சவங்கள் உன்ரையை விட்டு வைச்சிருக்கிறாங்களே.”

அவன் திட்டத் தொடங்கியதே முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டேன். மனிதன் எவ்வளவு சின்ன விஷயங்களுக்கு இறங்கிவிடுகிறான்.

முதல் கடை அஹுன்ட்சிக் பக்கம். வாசலில் பார்பெக்யூ என்று மஞ்சள் விளக்கு எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். உள்ளே வந்தது கம்பியில் சுழற்றி வாட்டிய கோழி, மண்ணிறச் சோஸ், கோவா இலைச் சலாது, ஒரு பணிஸ் ரொட்டி. கியூபெக்கில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம் என்பது பலகாலமாக இங்கே இருக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் விறகு பற்றி வாசித்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

“இது கோழி,” என்றான்.

“ஓம்.”

“பண்டி எண்டுதானே சொன்னனி.”

இரண்டாவது கடை புதுமாதிரி. தட்டுக்குப் பதில் பலகை. தாடி வைத்த ஒரு பொடியன் வந்து, அந்தப் பன்றி எங்கே வளர்ந்தது, என்ன தின்றது என்று விளக்கினான். கல்யாணம் பேச வந்தவர்கள்கூட மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு சொல்லமாட்டார்கள். இறைச்சி உண்மையாகவே நன்றாக இருந்தது. நண்பன் ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடினான். 

“பிழை சொல்லேலாது,” என்றான். “ஆனால் அது இல்லை.”

‘அது இல்லை’ என்ற அந்த இரண்டு சொற்களை அதன் பிறகு நான் எத்தனை சனிக்கிழமை கேட்டேன் என்று சொல்லமாட்டேன். லவாலில் ஒரு கடைத்தொகுதிக்குள் இருந்த இடத்தில் சோஸ் ஜாம் போல இருந்தது, அது இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கராஜில் அடுப்பு வைத்திருந்தவரின் இறைச்சியில் நான் ஒருமுறை கண்கலங்கினேன், அவ்வளவு மென்மை, அது இல்லை. தெற்கு ஆட்கள் நடத்தும் வீட்டுச் சாப்பாட்டுக் கடை என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். நடத்தியவர்கள் மொன்றியலின் தெற்கே பாலத்துக்கு அப்பால் இருந்து வந்தவர்கள். அங்கே இறைச்சியே இல்லை, பட்டாணிச் சூப்தான்.

“உனக்கு என்னதான்டா வேணும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒரு இறைச்சி, மூண்டு மரக்கறி. அங்க அப்பிடித்தான் தருவினம். வெண்டிக்காய் இருக்கும், கீரை இருக்கும், கௌபிப் பயறு இருக்கும். எங்கட சாப்பாடுதான்ரா. சோறு மட்டும் இல்லை.”

நான் வெண்டிக்காயையும் தேடத் தொடங்கினேன்.

சனிக்கிழமை அவன் சேவ் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கதிரை. அவன் மனைவி கிழமைக்கு ஒருமுறை நிலவரம் சொல்வாள், “சனிக்கிழமை நல்லா இருக்கிறார் அண்ணை. மற்ற நாளெல்லாம் அப்பிடியே கிடக்கு.” ஒரு மனிதனைக் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் உயிரோடு வைத்திருக்கும் வைத்தியம் என்ன வைத்தியம்? எனக்கோ பெல்ற்றில் ஓட்டை போதவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. வைத்தியர் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். “எதை வைத்து, முள்ளுக்கரண்டியை வைத்தா?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மொன்றியலில் கோடை வந்துவிட்டது என்பதை வீதி திருத்துபவர்களின் செம்மஞ்சள் கூம்புகள்தான் அறிவிக்கும். வீதி முழுக்க அவற்றை அடுக்கிவிட்டு எல்லோரும் எங்கேயோ போய்விடுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, கூம்புகளுக்கு நடுவே கார் அசையாமல் நின்றது. பின் சீற்றில் ஒரு முழு விலா எலும்புப் பெட்டி. அவன் ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தான். அது இல்லை என்று சொல்லிவிட்டான். எனக்கு வலது விலாவுக்குக் கீழே ஏதோ பிசைந்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

“டேய், உண்மையைச் சொல்லு. அங்க எத்தினை கடையில சாப்பிட்டனி?”

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

“ஒரு கடை.”

“ஒரு கடையோ?”

“இவள் ஒவ்வொரு முறையும் புட்டும் கறியும் கட்டித் தந்துவிடுவாள். ட்ரக்குக்குள்ள சூடாக்கிற சாமான் இருக்கு. அதுதான் சாப்பாடு. திரும்பி வரேக்கை மட்டும் அந்தக் கடையில நிப்பன்.”

“ஒரு கடையை வைச்சுக்கொண்டா இவ்வளவு நாளும் எனக்குத் தீர்ப்பு எழுதினனி?”

“நீ கேட்டனியே?”

கேட்கவில்லைதான். விறகைப் பற்றி எல்லாம் விசாரித்த நான், அவனிடம் இதைக் கேட்கவில்லை.

கார் இரண்டு அடி நகர்ந்து நின்றது. அவனே தொடர்ந்தான்.

“ஒரு கறுப்பு மனிசி. என்ரை அம்மாவின்ரை வயசிருக்கும். முதல் தரம் போகேக்கை மூஞ்சையைக்கூடப் பாக்கேல்லை. நாலாந்தரமோ என்னவோ, போனவுடன என்ரை தட்டை வைச்சிட்டா. ஒருக்கா பனி கொட்டி ரண்டு கிழமை போகேல்லை. அடுத்தமுறை போக, கையை இடுப்பில வைச்சுக்கொண்டு கேக்கிறா, ‘எங்க போனனி மோனை’ எண்டு.”

“தமிழிலயோ?”

“விசரா. இங்கிலீசிலதான். ஆனால் அதுதான் அர்த்தம்.” ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினான். “லைசென்ஸ் போனதை அவவுக்கு ஆர் சொல்லியிருப்பினம்? இண்டைக்கும் தட்டை வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை சனிக்கிழமைகளில் நாங்கள் எந்தக் கடைக்கும் இரண்டாம் தரம் போகவில்லை. அது இல்லை என்று அவன் சொன்னதும் நான் என் பட்டியலில் அடுத்ததைத் தேடி ஓடியிருக்கிறேன். ஒரு தரம் வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிறவனை, எங்கே போனாய் என்று எந்தக் கடைக்காரர் கேட்பார்?

இதை அவனிடம் சொல்லி, வாற சனி எங்காவது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவோம் என்று தீர்மானிக்க நினைத்தேன். அடுத்தநாள் காலை பித்தப்பைக் கல் வந்து என்னை மடக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் பித்தப்பையையே வெளியே எடுத்தார்கள். வீட்டில் சோபாவில் கிடந்து அரிசிக் கஞ்சி குடித்தேன். மனைவி கராஜுக்குப் போய் ஜாக்கெட்டை எறிந்துவிட்டு வந்தாள். அதை எதிர்த்துக் கதைக்க எனக்குத் தெம்பு இல்லை.

சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. கதிரையில் அவன் இருப்பதை நினைத்துக்கொண்டே கிடந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுத் தொலைபேசி எடுத்தேன். அவன் மனைவிதான் எடுத்தாள்.

“அவர் வீட்டில இல்லை அண்ணை.”

“இல்லையோ? எங்க?”

“தெரியாது. பின்னேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுறார். கேட்டால், ‘பேந்து வாறன்’ எண்டுறார்.” குரலைத் தாழ்த்தினாள். “ஒவ்வொரு நாளும் சேவ் எடுக்கிறார் அண்ணை. நான் ஒண்டும் கேக்கிறேல்லை. கேட்டால் நிப்பாட்டிப் போடுவார் எண்டு பயம்.”

எனக்கு நடமாட்டம் வந்தபின் அவனே கூப்பிட்டான். வீட்டுக்கு வா, காரை விட்டிட்டு நடப்போம் என்றான். அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த மூலையில்தான் திரும்பி நெடுஞ்சாலைக்கு ஏறியிருக்கிறேன். துணி தோய்க்கும் கடைக்கும் டெப்பனர் என்கிற மூலைப் பெட்டிக்கடைக்கும் இடையில் ஒரு சின்ன ஹெயிட்டிச் சாப்பாட்டுக் கடை. நாலு மேசை, சத்தம் இல்லாமல் ஓடும் தொலைக்காட்சி, கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தட்டங்கள். யாரும் இதைப் பற்றி எங்கேயும் அபிப்பிராயம் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் நான் வாசித்திருப்பேன்.

கல்லாவுக்குப் பின்னால் பெரிய உருவமாக ஒரு அம்மா நின்றார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, என்னைப் பார்க்காமல் அவனிடம் பிரெஞ்சில் கேட்டார்:

“மிஸ்யூ, திங்கட்கிழமை எங்கே போயிருந்தீர்?”

அவனுடைய பிரெஞ்சு போஞ்சூர் என்ற வணக்கத்தோடும் மெர்சி என்ற நன்றியோடும் முடிந்துவிடும். கண்ணைத் தொட்டுக்காட்டி, “டொக்டர்” என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டு, அவனுக்கென்று ஒரு தட்டுப் போட்டு, அதில் வைத்த சோற்றில் பாதியைத் திரும்ப எடுத்துத் தட்டத்தில் போட்டார். பதிலுக்கு வெண்டிக்காய் ஒரு கரண்டி கூட விழுந்தது. அவனுடைய சீனி வருத்தத்தைப் பற்றி அவருக்கு எந்த மொழியில் சொன்னான் என்று தெரியவில்லை.

பொரித்த பன்றி இறைச்சி, அவரைச் சோறு, கீரைக் கூட்டு, கண்ணீர் வரவைக்கும் கோவா ஊறுகாய். எனக்கு வைத்தியர் விதித்தபடி அவித்த கிழங்கு. அவன் நிதானமாகச் சாப்பிட்டான். நான் பழைய பழக்கத்தில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னடா பாக்கிறாய்?”

“அதுவோ?”

“அது இல்லை,” என்றான். இன்னொரு வாய் எடுத்தான். “இறைச்சி கொஞ்சம் உப்பு. அவவுக்குச் சொல்ல வேணும், எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை. உனக்குப் பிரெஞ்சு வருமே? வேண்டாம், நீ சொல்லாத. நானே பழகிச் சொல்லுறன்.”

வெளியே வந்து, வாற சனி எத்தனை மணிக்கு வர என்று கேட்டேன்.

“சனி வேண்டாம் மச்சான். சனிக்கிழமை கடையில அவவுக்குச் சனம் கூட. நான் போகாட்டில் கேப்பா.” என் வயிற்றைப் பார்த்தான். “நீயும் கொஞ்சம் ஓய்வெடன்.”

எனக்கு முன்னால் வீட்டை நோக்கி நடந்து போய்விட்டான். வீட்டுப் படியில் அவன் மனைவி நின்றிருந்தாள்; எங்களைப் பார்க்காததுபோல வீதியைப் பார்த்துக்கொண்டு. நான் காருக்குள் ஏறி இருந்தேன். இத்தனை மாதம் உழைத்து, ஒரு உள்ளுறுப்பையும் கொடுத்த உத்தியோகம், ஒரு சொல் முன்னறிவித்தல்கூட இல்லாமல் போய்விட்டது. லவாலுக்குத் திரும்பும் வழியெல்லாம் பின் சீற்றில் ஊறிப்போயிருந்த பழைய சனிக்கிழமைகளின் புகை மணம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பசித்தது.